தோட்டாக் கூட்டை மறுஅளவாக்குவதும் கழுத்துப் பிடியும்: ரீலோடிங்குக்குப் புதியவர்களுக்கு

ஒரு தோட்டாவைச் சுட்ட பிறகு கையில் மிஞ்சுவது பித்தளைக் கூடு மட்டும்தான். அந்தக் கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதிய பிரைமர் (அடியில் இருக்கும் பற்றவைக்கும் மூடி), மருந்து (வெடித்தூள்), குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவதே ரீலோடிங். அமெரிக்காவில் இலக்குச் சுடுபவர்களும் வேட்டைக்காரர்களும் வீட்டு மேசையிலேயே இதைச் செய்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு அங்கே கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். எந்த நாட்டில் இருந்தாலும் சட்டத்தைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

விளக்கத்துக்கு .308 வின்செஸ்டரை எடுத்துக்கொள்வோம். 1952இல் வந்த தோட்டா. கூடும், அதை அளவுக்கு நெருக்கும் எஃகு அச்சான டையும் எங்கும் கிடைக்கும். துப்பாக்கி போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் (ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்து மூடிச் சுடுவது) என்று வைத்துக்கொள்வோம். எந்த மருந்து, எத்தனை கிரெய்ன் (மருந்தை நிறுக்கும் எடை அலகு) என்பதற்குள் இங்கே போகப்போவதில்லை. அதை அச்சிட்ட லோடிங் கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும், குறைந்த அளவில் தொடங்க வேண்டும். கூட்டையோ குண்டையோ பிரைமரையோ மாற்றினால் மறுபடி கீழிருந்து வர வேண்டும்.

அளவுகள் எல்லாம் அங்குலத்தில் வரும். ஆயிரத்தில் ஒரு அங்குலத்தை லேத் பட்டறையில் சொல்வதுபோல் ஒரு தௌ என்றே சொல்கிறேன். ஒரு தௌ என்பது 0.0254 மி.மீ. இந்த வேலை முழுவதும் ஒன்று, இரண்டு தௌவுக்குள் நடப்பது. அதனால் டையில் எழுதியிருக்கும் எண்ணையோ பெட்டியில் வந்த தாளையோ நம்பி உட்கார முடியாது. அளந்து பார்த்ததுதான் கணக்கு.

பித்தளை முழுசாகச் சொன்ன பேச்சைக் கேட்காது

கூட்டுப் பித்தளையில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். சுடும்போது உள்ளே எழும் அழுத்தத்துக்கு .308இல் அமெரிக்கத் தொழில் தரம் வைத்திருக்கும் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு (பிஎஸ்ஐ). அந்த அழுத்தத்தில் கூடு பலூன்போல் உப்பி, சேம்பர் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் வராமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கிக் கழன்றுகொள்கிறது. அப்படிச் சுருங்காவிட்டால் கூட்டை வெளியே இழுக்கவே முடியாது. ஆகவே சுட்ட கூடு என்பது உங்கள் சேம்பரின் அச்சு, அதைவிட ஒரு மயிரிழை சிறியது.

டையிலும் இதே கதைதான். அழுத்தினால் சுருங்கும், வெளியே எடுத்ததும் கொஞ்சம் திரும்ப விரியும். விரித்தால் விரியும், விட்டதும் கொஞ்சம் உள்ளே சுருங்கும். இந்த மீட்சி எவ்வளவு என்பது பித்தளை எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு முறை சுடும்போதும், ஒவ்வொரு முறை டையில் ஏற்றும்போதும் அது இன்னும் இறுகுகிறது. அதனால்தான் மூன்று முறை சுட்ட கூடும் பத்து முறை சுட்ட கூடும் ஒரே டையிலிருந்து வேறு வேறு அளவில் வெளிவருகின்றன. பித்தளையைத் தேவைக்கு மேல் நகர்த்தாமல் இருப்பது இதற்கு நல்ல மருந்து. கீழே வரும் எல்லா அமைப்புகளும் அந்த ஒரு நோக்கத்துக்குத்தான்.

முழு நீளமா, கழுத்து மட்டுமா?

கூட்டின் வாய்ப்பக்கம் குண்டைப் பிடிக்கும் குறுகலான பகுதி கழுத்து, அதற்கும் உடலுக்கும் இடையே சரியும் பகுதி தோள். கழுத்தை மட்டும் அளவாக்கும் டைகள் உண்டு. கூட்டின் உடலைத் தொடாமல் விட்டால் பித்தளை அதிக நாள் வரும் என்பது அதன் வாதம். சில சுற்றுகள் நன்றாகவே போகும். பிறகு உடலும் தோளும் சேம்பரை இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்து, போல்ட்டை மூடவும் திறக்கவும் பலம் போட வேண்டிவரும். கடைசியில் முழு நீள டையில் ஏற்றித்தான் ஆக வேண்டும். புதியவர் முதலிலிருந்தே முழு நீள டையை வாங்கி, அதைச் சரியாக அமைக்கக் கற்றுக்கொள்வதே நல்லது. சரியாக அமைத்த முழு நீள டை, கூட்டின் ஆயுளைக் குறைப்பதில்லை. கண்மூடித்தனமாக இறக்கிய டைதான் குறைக்கும்.

மசகு

டையில் கூடு சிக்கிக்கொள்வது புதியவர்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை. காரணம், மசகு போதாமை. உலர்ந்த பித்தளை எஃகு டைக்குள் பாதி வழியில் கடித்துக்கொள்ளும். டையைப் பிடித்திருக்கும் பிரஸ்ஸின் லிவரை வலுவாக இழுத்தால், கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டர் கூட்டின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு கீழே வரும், கூடு டைக்குள்ளேயே நின்றுவிடும். பிறகு அடிப்பாகத்தில் துளை போட்டு, மரை வெட்டி, போல்ட் மாட்டி இழுக்க வேண்டியதுதான்.

மெழுகு மசகு என்றால் விரல் நுனியில் லேசாகத் தொட்டு, கூட்டின் உடலில், முக்கியமாக அடிப்பக்கம், சுற்றித் தேய்த்தால் போதும். கழுத்தின் வெளிப்புறத்தில் ஒரு பூச்சு. தோளில் வேண்டாம். தோளில் அதிகமாகப் படிந்தால் டைக்குள் அது போக வழியில்லாமல் பித்தளையை உள்ளே அமுக்கிக் குழி போட்டுவிடும். லானோலினை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் கரைத்துத் தெளிப்பவர்கள், ஆல்கஹால் முழுக்க ஆவியாகும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஈரத்தோடு டையில் ஏற்றினால் மசகு வேலை செய்யாது, கூடு சிக்கும்.

அளவாக்கி முடித்ததும் மசகைத் துடைத்தெடுக்க வேண்டும். வழுவழுப்பான கூடு சேம்பர் சுவரைப் பிடிக்காமல் போல்ட்மேல் கூடுதல் விசையைத் தள்ளும்.

தோளை எவ்வளவு பின்தள்ளுவது

.308இல் தோட்டா சேம்பருக்குள் போய் நிற்பது தோளில். கூட்டின் அடியிலிருந்து தோளில் ஒரு குறிப்பிட்ட வட்டம் வரை உள்ள தூரமே ஹெட்ஸ்பேஸ் கணக்கு; அந்த வட்டத்தின் விட்டம் 0.400 அங்குலம். காலிப்பரில் மாட்டும் கம்பேரேட்டர் ஒன்று இதை அளக்கப் போதும். அது காட்டும் எண் உண்மையான ஹெட்ஸ்பேஸோடு அச்சாகப் பொருந்த வேண்டியதில்லை. அதே கம்பேரேட்டரில் முன்னும் பின்னும் அளந்து வித்தியாசம் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

போல்ட் ஆக்‌ஷனுக்கு, சுட்ட கூட்டின் அளவிலிருந்து தோள் ஒன்று முதல் இரண்டு தௌ பின்னால் போனால் போதும். தானாக இயங்கும் ரைபிளில் போல்ட் தன் ஸ்பிரிங் பலத்தில்தான் மூட வேண்டும் என்பதால் மூன்று, நான்கு தௌ கொடுப்பார்கள்.

டையோடு வரும் தாள் பெரும்பாலும் இப்படிச் சொல்லும்: ஷெல் ஹோல்டர் டையைத் தொடும்வரை திருகு, பிறகு இன்னும் எட்டில் ஒன்றோ கால் சுற்றோ இறக்கு. அப்படி அமைத்தால் தோட்டா எந்த .308இலும் போகும், ஏனென்றால் தோளை மிகக் குறுகிய சேம்பருக்கும் ஏற்றபடி தள்ளிவிடுகிறது. உங்கள் சேம்பர் அதைவிட ஐந்து தௌ நீளம் என்றால், ஒவ்வொரு சுடுதலிலும் பித்தளை அந்த ஐந்து தௌவுக்கு இழுபடும்.

சரியான வழி கொஞ்சம் பொறுமை கேட்கும். உங்கள் ரைபிளில் சுட்ட நான்கைந்து கூடுகளை எடுத்து, பிரைமரை அகற்றிவிட்டு (பிரைமர் துருத்திக்கொண்டிருந்தால் அளவு பொய்யாகும்) கம்பேரேட்டரில் அளக்கவும். எடுத்துக்காட்டாக 1.629 வருகிறது என்று கொள்வோம். நமக்கு வேண்டியது 1.627. ஒரு முறை மட்டும் சுட்ட கூடு சேம்பரை முழுசாக நிரப்பியிருக்காது. அளந்ததில் மிக நீளமான எண்ணையே அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம், மூன்றாம் சுடுதலுக்குப் பிறகு மறுபடி பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

டையிலிருந்து எக்ஸ்பாண்டர் தண்டை (கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் பந்து கொண்ட தண்டு) கழற்றி வைத்துவிடுங்கள். அது கழுத்தின் வழியாக வெளியேறும்போது தோளையும் முன்னால் இழுத்து அளவைக் குழப்பும். ஷெல் ஹோல்டரைத் தொடும் நிலையிலிருந்து டையைக் கால் சுற்று மேலே ஏற்றி, மசகு பூசிய கூட்டை ஏற்றி இறக்கி அளக்கவும். இங்கேதான் பலர் திகைத்துப்போவார்கள்: 1.629 ஆக இருந்தது 1.632 ஆகிவிடும். தவறு எதுவும் நடக்கவில்லை. டை உடலைச் சுற்றிலும் நெருக்கும்போது பித்தளைக்குப் போக ஒரே வழி முன்னால்தான். டையின் தோள் இன்னும் தொடாததால் கூட்டின் தோள் முன்னேறுகிறது. இந்தக் கூட்டை ரைபிளில் போட்டால் போல்ட் மூடவே அடம்பிடிக்கும். அரைகுறையாக அளவாக்கிய கூடு, அளவாக்காத கூட்டைவிட நீளம்.

இனி டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். டையின் மரை அங்குலத்துக்கு 14 சுற்று. ஒரு முழுச் சுற்று 71 தௌ, பதினாறில் ஒரு சுற்று நாலரை தௌ, ஒரு தௌவுக்கு ஏறத்தாழ ஐந்து டிகிரி. முதலில் பதினாறில் ஒன்றாக, 1.629 நெருங்கியதும் ஐந்து டிகிரியாக. டையின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் கண்ணுக்குத் தெரியும். 1.627 வந்ததும் பூட்டு வளையத்தை இறுக்கி, இன்னும் மூன்று கூடுகளை ஏற்றிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். இறுக்கும்போதே டை லேசாகத் திரும்பிவிடுவதுண்டு. லிவரை உச்சியில் இரண்டு மூன்று விநாடி பிடித்து நிறுத்தினால், மீட்சி குறைந்து கூடுகளுக்கிடையே வித்தியாசமும் குறையும்.

கம்பேரேட்டர் சொல்வதைத் துப்பாக்கியிலும் சரிபார்க்கலாம். போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின்னையும் (பிரைமரைத் தட்டும் ஊசி) எஜெக்டரையும் (கூட்டை வெளியே தள்ளும் பாகம்) கழற்றிவிட்டு, மருந்தும் பிரைமரும் இல்லாத வெறுங்கூட்டை வைத்து மூடுங்கள். சரியான கூட்டில் போல்ட் கைப்பிடி தன் எடையிலேயே கீழே விழும். கடைசியில் லேசாகத் தயங்கினால் தோள் இன்னும் தொடுகிறது.

தோள் அதிகம் பின்னால் போனால்

இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், இதில் கண்ணுக்கும் முகத்துக்கும் ஆபத்து இருக்கிறது. தோளை எட்டு, பத்து தௌ தள்ளிவிட்ட தோட்டா சேம்பருக்குள் முன்னும் பின்னும் ஆடும். ஃபயரிங் பின் அதை முன்னால் தட்டுகிறது. அழுத்தம் ஏறும்போது மெல்லிய முன்பாகச் சுவர் சேம்பரோடு ஒட்டி நின்றுவிடுகிறது. தடித்த அடிப்பாகம் மட்டும் பின்னால் போல்ட்டை நோக்கி நகர்கிறது. இடையில் இருக்கும் வளையம் இழுபட்டு மெலிகிறது. அடுத்த சுற்றில் மறுபடி தள்ளுகிறீர்கள், மறுபடி இழுபடுகிறது. சில சுற்றுகளில் கூடு அந்த இடத்தில் இரண்டாகப் பிரியும், சூடான வாயு பின்னால் பாயும்.

வெளியே அடையாளம், தடித்த அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுற்றிவரும் பளபளப்பான மெல்லிய வளையம். வளையம் எல்லாமே ஆபத்தல்ல, டை உரசிய தடமாகவும் இருக்கலாம். தீர்மானிக்க ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சின்னக் கொக்கியாக மடித்து, கூட்டின் உட்சுவரில் அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். வளையத்துக்கு நேரே கொக்கி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால், அந்தக் கூட்டை இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போட வேண்டும். அதே டை அமைப்பில் வந்த மற்றக் கூடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ராணுவத் தானியங்கித் துப்பாக்கிகளில் சுட்டு விற்பனைக்கு வரும் 7.62 நேட்டோ கூடுகளில் முதல் அளவாக்கலிலேயே இந்தச் சோதனை தேவை. அவை நீண்ட சேம்பர்களில் சுட்டவை, முதல் சுற்றிலேயே நிறைய இழுபட்டிருக்கும். அவற்றின் சுவரும் தடிமன் என்பதால் உட்கொள்ளளவு குறைவு.

அளவாக்கும்போது பித்தளை கழுத்தை நோக்கிப் போவதால் கூடு நீளும். .308இன் உச்ச நீளம் 2.015 அங்குலம், வெட்டிக் குறைக்கும் அளவு 2.005. வெட்டுவது எப்போதும் அளவாக்கிய பிறகு. இதை மறந்தால் நீண்ட வாய் சேம்பரின் முன்விளிம்பில் முட்டிக் குண்டைக் கவ்விக்கொள்ளும், அழுத்தம் எகிறும்.

கழுத்துப் பிடி

கழுத்தின் உள்விட்டத்தைக் குண்டின் விட்டத்தைவிடச் சிறிதாக வைத்து, குண்டை உள்ளே தள்ளுகிறோம். அந்த வித்தியாசத்தையே ரீலோடர்கள் நெக் டென்ஷன் என்று எண்ணாகச் சொல்கிறார்கள். இரண்டு தௌ பிடி என்றால், 0.308 குண்டுக்கு 0.306 துளை. போல்ட் ஆக்‌ஷனுக்கு இரண்டு தௌ நல்ல தொடக்கம். இலக்குப் போட்டிக்காரர்கள் ஒவ்வொன்றாகக் கையால் வைத்துச் சுடுவதால் ஒரு தௌவும் வைப்பார்கள். தானியங்கிக்கு மூன்று.

இந்த எண் பிடியின் உண்மையான பலம் அல்ல. பலத்தைத் தீர்மானிப்பவை இன்னும் நான்கு: பித்தளையின் இறுக்கம், சுவரின் தடிமன், குண்டின் நேர்ப்பகுதி கழுத்துக்குள் எவ்வளவு நீளம் இருக்கிறது, உட்புறம் எவ்வளவு வழுக்குகிறது. ஒரே இரண்டு தௌவில், மென்மையான புதுக்கூடும் பத்துமுறை சுட்டுக் கடினமான கூடும் குண்டை ஒரே மாதிரிப் பிடிப்பதில்லை. இன்னொன்று, வித்தியாசத்தை ஐந்து தௌவாக்கினால் பிடி இரண்டரை மடங்காகிவிடாது. சுமார் மூன்று தௌவுக்கு மேல் பித்தளை மீள்திறனைத் தாண்டி நிரந்தரமாக விரிந்துவிடும். குண்டே கழுத்தை விரிக்கும் கருவியாக மாறும். லாபம் இல்லை, குண்டு கோணலாக அமர வாய்ப்பு மட்டும் கூடும்.

சாதாரண முழு நீள டை எந்தக் கூட்டுக்கும் ஒத்துவர வேண்டும் என்பதற்காகக் கழுத்தை மிக அதிகமாக நெரிக்கிறது. சுட்ட கழுத்து வெளிப்புறம் 0.343 என்றால் அது 0.331 வரை கொண்டுபோகும். பிறகு உள்ளிருக்கும் எக்ஸ்பாண்டர் பந்து திரும்ப விரித்துக்கொண்டே வெளியே வரும். பன்னிரண்டு தௌ உள்ளே, மூன்று நான்கு தௌ வெளியே. பித்தளை வீணாக இறுகுகிறது. மசகு இல்லாத கழுத்தில் பந்து கீச்சென்று சத்தமிட்டபடி இழுத்துக்கொண்டு வந்தால் கழுத்து கோணும், தோளும் நீளும். இந்த டைதான் கையில் இருக்கிறது என்றால் கவலை வேண்டாம். கழுத்தின் உள்ளே நைலான் பிரஷ்ஷால் துடைத்து, துளி கிராஃபைட் தூளோ மெழுகோ தடவினால் பெரும்பாலான தொல்லை போய்விடும்.

அடுத்த படி, கழுத்தை நெரிக்கும் வளையத்தை (புஷ்ஷிங்) மாற்றிக்கொள்ளக்கூடிய டை. ரெட்டிங் போன்ற நிறுவனங்களின் புஷ்ஷிங்குகள் ஒரு தௌ இடைவெளியில் கிடைக்கும். எது வாங்குவது என்று கணக்கிட, அதே கூட்டில் குண்டு பொருத்திய தோட்டாவின் கழுத்தை வெளிப்புறம் மைக்ரோமீட்டரில் அளக்கவும். சுவர் 14 தௌ என்றால் இருபுறமும் சேர்த்து 28, குண்டு 0.308, மொத்தம் 0.336. இரண்டு தௌ பிடிக்குக் கழுத்து 0.334 ஆக முடிய வேண்டும். நெரித்த பித்தளை திரும்பக் கொஞ்சம் விரியும் என்பதால் 0.333 புஷ்ஷிங்கில் தொடங்குங்கள். வேறு கம்பெனிக் கூட்டுக்கு மாறினால் சுவர் தடிமன் மாறும், கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

கழுத்துச் சுவர் எங்கும் ஒரே தடிமனாக இருப்பதில்லை. புஷ்ஷிங் வெளிப்புறத்தை வட்டமாக்குவதால் அந்த மேடு பள்ளம் எல்லாம் உள்ளே, குண்டு உட்காரும் இடத்துக்குப் போய்விடுகிறது. மாண்ட்ரல் எனப்படும் உருளைத் தண்டை மேலிருந்து கழுத்துக்குள் தள்ளி எடுத்தால் அது வெளிப்புறத்துக்குத் தள்ளப்படும், உள்ளே வட்டமாகும். இதற்குப் புஷ்ஷிங்கை ஒரு அளவு சிறியதாக, 0.332 என்று வைத்து, பிறகு 0.306 மாண்ட்ரலால் முடிக்கலாம். மாண்ட்ரல் வெளியே வந்ததும் கழுத்து அரை தௌ முதல் ஒரு தௌ வரை உள்ளே சுருங்கும். ஆக, புஷ்ஷிங்கில் முடித்தால் எண் சொல்வதைவிடப் பிடி குறைவு, மாண்ட்ரலில் முடித்தால் சற்று அதிகம். ஒரே கூடுதல் கருவிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், சாதாரண டையின் பந்தைக் கழற்றிவிட்டு ஒரு மாண்ட்ரல் வாங்குங்கள் என்பேன்.

உட்புறச் சுத்தமும் கணக்கில் வரும். துருப்பிடிக்காத எஃகு ஊசிகளோடு நீரில் உருட்டிக் கழுவிய கழுத்தில் கரிப்படலம் துளியும் இருக்காது. வெறும் பித்தளையும் செம்பு உறையும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும், மாதக்கணக்கில் வைத்தால் ஒட்டியே போகும். சோளக்கட்டைத் துருவலில் உலர்வாகச் சுத்தம் செய்தால் மெல்லிய கரி உள்ளே தங்கி மசகாக வேலை செய்யும். வெட்டிய வாயின் உள்விளிம்பைச் சாம்ஃபர் கருவியால் லேசாகச் சரிக்காவிட்டால், குண்டை அமர்த்தும்போது செம்பு சுருள் சுருளாக வழிந்து வெளியே நிற்கும். அதைக் கண்டால் நிறுத்திவிட்டு வாயைச் சரிசெய்யுங்கள்.

இறுகிய பித்தளையைத் தளர்த்துவது

கழுத்து கடினமாகும்போது முதல் அடையாளம் லிவரில் தெரியும்: ஒரு குண்டு வழுக்கிக்கொண்டு போகும், அடுத்தது தள்ளினால்தான் போகும். பிறகு வாயில் நீளவாக்கில் விரிசல் விழும். கழுத்தையும் தோளையும் மட்டும் சில விநாடி சூடாக்கி அனீலிங் செய்தால் பித்தளை மறுபடி இணங்கும். அடிப்பாகத்துக்குச் சூடு ஏறவே கூடாது. அழுத்தத்தைத் தாங்குவது அங்கிருக்கும் கடினம்தான். அது மென்மையாகிவிட்டால் எந்த வழியிலும் திரும்பக் கொண்டுவர முடியாது. கூட்டை அடுப்பிலோ ஓவனிலோ முழுதாகச் சூடாக்குவது ஆபத்தான தவறு.

கழுத்துக்குள் தங்கும் இறுக்கம் என்ன செய்யும் என்பது இந்தியாவில்தான் பெரிய அளவில் தெரியவந்தது. பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் தோட்டாக்களை அடுக்கி வைத்தது. எடுத்துப் பார்த்தபோது கூடுகளில் விரிசல். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரம், செய்யும்போதே பித்தளையில் தங்கிய இறுக்கம் மூன்றும் சேர்ந்து பிளந்தன என்பது 1921இல்தான் தெளிவாயிற்று. அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷைக் கூட்டில் போட வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

பிடி போதுமா என்று பார்க்க

பிரைமரும் மருந்தும் இல்லாத ஒரு போலித் தோட்டாவைச் செய்துகொள்ளுங்கள். மொத்த நீளத்தை அளந்து, மேகசினில் போட்டு, போல்ட்டால் வேகமாக ஐந்தாறு முறை சேம்பருக்கு ஏற்றி இறக்கி, மறுபடி அளக்கவும். நீளம் குறைந்தால் குண்டு உள்ளே தள்ளப்படுகிறது. உள்ளே போன குண்டு மருந்துக்கு இடத்தைக் குறைக்கும், அழுத்தம் ஏறும். சிறிய கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் இது இன்னும் வேகமாக ஆபத்தாகும். நீளம் கூடினால் குண்டு முன்னால் நழுவுகிறது, அல்லது குழலின் உட்பள்ளங்களில் (ரைபிளிங்) சிக்கி இழுபடுகிறது. தள்ளப்பட்டாலும் நழுவினாலும் புஷ்ஷிங்கை ஒரு அளவு சிறியதாக்கி, அல்லது மாண்ட்ரலை அரை தௌ குறைத்து, மறுபடி இதே சோதனை. அதற்கும் அசைந்தால் கழுத்துச் சுவரை அளந்து பாருங்கள். பெரும்பாலும் வேறு கம்பெனிக் கூடு ஒன்று கும்பலில் கலந்திருக்கும்.